அப்பாவின் ஃபைல்களைக் கிளவுடில் பூட்டி வைத்த கதை

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்த சமயம், வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கிளவுடில், அதாவது இணையம் வழியே கிடைக்கும் சேமிப்பிடத்தில், ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. மருத்துவ அறிக்கைகள், வீட்டுப் பத்திரம், காப்பீட்டுப் பாலிசிகள், அடையாள அட்டைகள், வங்கிக் கணக்கு விவரம், வரிக் கணக்கு என்று எல்லாம் அதில் இருந்தன. அக்கா ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். டாக்டரோ வங்கியோ கேட்டால் இரண்டு பேரில் ஒருவர் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஏற்றுவது பெரிய வேலையே இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஒரே ஃபோல்டரில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான், இதை வேறு யார் யாரெல்லாம் திறக்க முடியும் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் தேடிப் போய் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கிளவுட் கம்பெனியைக் கேட்டாலும் "எல்லாம் என்கிரிப்ஷன் செய்துதான் வைக்கிறோம், ஏஇஎஸ்-256" என்பார்கள். சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி ஃபைலைக் குழப்பி வைப்பதுதான் என்கிரிப்ஷன்; ஏஇஎஸ்-256 அதற்கான வலுவான முறை ஒன்றின் பெயர். அவர்கள் சொல்வது பொய் இல்லை. நம் கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் வழியிலும் பாதுகாப்பு உண்டு, சர்வரின் டிஸ்கிலும் உண்டு. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு ஓடுபவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் பெரும்பாலும் அந்தப் பூட்டின் சாவி கம்பெனியிடமே இருக்கிறது. நாம் குடியிருக்கிறோம், வீட்டுக்காரரிடமும் ஒரு சாவி இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். சாவி இருப்பது இருப்பதுதான்.

சாவி அவர்களிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பாஸ்வேர்டு மறந்துவிட்டால், மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பி, புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, பழைய ஃபைல்களை அப்படியே திரும்பத் தருகிறார்களா? தந்தால் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. பிடிஎஃப்புக்குள் இருக்கும் ஒரு சொல்லைத் தேடினால் அவர்களின் இணையப் பக்கத்திலேயே வந்து நிற்கிறதா? அதுவும் அதே அடையாளம்தான்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த கதைகளே போதும். 2011 ஜூனில் டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவை தன் நிரலில் செய்த ஒரு மாற்றத்தால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு எந்தப் பாஸ்வேர்டை அடித்தாலும் எந்தக் கணக்கும் திறந்தது. 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு தந்தையின் கதையை வெளியிட்டது. உடம்பு சரியில்லாத குழந்தையின் படத்தை டாக்டருக்காக எடுத்திருக்கிறார். படம் தானாகவே கிளவுடுக்குப் போக, கூகுளின் தானியங்கிச் சோதனை அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கணக்கை முடக்கிவிட்டது. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மெயில், தொடர்பு எண்கள், வருடக்கணக்கான படங்கள் எல்லாம் போயின.

இரண்டாவது கதை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் ஃபைலை யாரோ படித்துவிடுவார்கள் என்று மட்டும் பயப்படுகிறோம். நமக்கே கதவு சாத்தப்படலாம் என்பதை நினைப்பதில்லை.

ஆக இரண்டு வழிகள். ஒன்று, சாவியை நம்மிடமே விட்டுவிடும் கிளவுட் சேவைக்கு மாறுவது. புரோட்டான் டிரைவ், டிரெசோரிட் போன்றவை அந்த ரகம். ஐகிளவுடிலும் 2022 டிசம்பரிலிருந்து அப்படி ஒரு வசதி இருக்கிறது, நாமாக ஆன் செய்ய வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் கிளவுடிலேயே, ஃபைலை நம் கணினியில் பூட்டிவிட்டுப் பிறகு ஏற்றுவது.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் உண்டு. ஆப்பிள் அந்த வசதியை 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் புதிய பயனர்களுக்கு நிறுத்திவிட்டது. அங்கே அரசின் நெருக்கடி. கம்பெனி கொடுத்த பூட்டைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று, "எங்களால்கூடத் திறக்க முடியாது" என்று சொல்லும் சேவைகள் எல்லாம் சொன்னபடி கட்டப்பட்டிருக்கின்றனவா என்பது வெளியே இருந்து பார்க்கும் நமக்குத் தெரியாது. சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் மெகா என்ற அப்படிப்பட்ட சேவையில் பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். 2024இல் இன்னும் ஐந்து சேவைகளை ஆராய்ந்து, நான்கில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொன்னார்கள். சர்வரே எதிரியின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கோணத்தில் செய்த ஆய்வு அது. ஆனால் அந்த நிலைமைக்காகத்தானே இந்தப் பூட்டையே தேடுகிறோம்!

பூட்டும் மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். பாக்ஸ்கிரிப்டர் என்று ஒன்று இருந்தது, பலரும் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2022 நவம்பரில் டிராப்பாக்ஸ் அதன் தொழில்நுட்பத்தை வாங்கியது, பாக்ஸ்கிரிப்டர் மூடப்பட்டது. பயன்படுத்தியவர்கள் எல்லாவற்றையும் திறந்து வெளியே எடுத்து வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் என் நிபந்தனை ஒன்றுதான்: கம்பெனி நாளைக்கே கடையைச் சாத்தினாலும் என் ஃபைல் திறக்க வேண்டும். மென்பொருளின் மூல நிரல் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்க வேண்டும், பூட்டும் முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டி ஒரு பெட்டகமாக வைக்கும் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் அதற்குப் பொருந்தியது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். என் கணினியில் பெட்டகத்தைத் திறந்தால் ஒரு புது டிரைவ் மாதிரி வந்து நிற்கிறது. உள்ளே 'வீட்டுப் பத்திரம்', 'பாலிசி' என்று வழக்கமான ஃபோல்டர்கள். இழுத்துப் போடலாம், திறந்து திருத்தலாம். அதே பெட்டகத்தைப் பிரவுசரில் கிளவுட் பக்கத்தில் போய்ப் பார்த்தால், 'டி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இரண்டெழுத்துப் பெயர்களில் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் தாறுமாறான எழுத்துகளில் நீளப் பெயருடன் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் 'சி9ஆர்' என்று முடியும் ஃபைல்கள். எது பத்திரம், எது பாலிசி என்று எனக்கே தெரியாது. ஃபைலின் பெயர்கூட வெளியே போவதில்லை. ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகப் பூட்டப்படுவதால், ஒன்றைத் திருத்தினால் அது மட்டும்தான் மறுபடி ஏறும்.

மறைக்காதவையும் உண்டு. எத்தனை ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும். பெட்டகத்துக்கு நாம் வைக்கும் பெயரும் வெளியே தெரியும். 'சொத்து ஆவணங்கள்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மறைத்து என்ன பயன்? என் பெட்டகத்தின் பெயர் 'பழைய பாடங்கள்'.

பூட்டும் மென்பொருள்களில் இன்னொன்றான வெராகிரிப்டைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் கிளவுடுக்கு ஒத்துவராது. எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலுக்குள் வைப்பதால், உள்ளே ஒரு வரியை மாற்றினாலும் பல சேவைகள் அந்த ஃபைல் முழுவதையும் மறுபடி ஏற்றும். அதைவிட வில்லங்கம், உள்ளே மாறினாலும் வெளியே ஃபைலின் தேதி மாறாதபடி அது தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. கணினியில் உள்ளதையும் கிளவுடில் உள்ளதையும் ஒன்றுபோல வைக்கும் (சிங்க் செய்யும்) மென்பொருள் "ஒன்றும் மாறவில்லை" என்று சும்மா இருந்துவிடலாம். அதை நான் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு ஃபைலை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பெட்டகமெல்லாம் வேண்டாம். ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு, ஃபைல் பெயர்களையும் மறைக்கும் பெட்டியில் டிக் செய்து அனுப்பலாம். பாஸ்வேர்டை மட்டும் அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்ல வேண்டும்.

பூட்டுவது இவ்வளவுதான். சாவி விஷயம்தான் பெரும்பாடு.

பாஸ்வேர்டுக்கு நான் பின்பற்றியது தாயக்கட்டை முறை. 7776 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஆறு பக்கமுள்ள ஐந்து கட்டைகளை உருட்டினால், விழுந்த எண்களுக்கு நேரே பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் கணினி வைத்து ஊகித்து உடைப்பது நடக்காத காரியம், மனப்பாடமும் ஆகிவிடும். நாமாக யோசித்து வைக்கும் சொல் ஆகாது. பிறந்த தேதி, பிள்ளையின் பெயர், பிடித்த கடவுள் என்றுதான் நம் மனசு போகும். இதில் தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ச் சொற்களையே வைக்கலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது. தமிழ் எழுத்தில் வைத்தால் வேற்றுக் கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்காது. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை அடித்தால், 'வாழை' என்பதை நான் ஒரு மாதிரி எழுதுவேன், அக்கா ஒரு மாதிரி எழுதுவாள். அவசரத்தில் எது என்று யாருக்கு நினைவிருக்கும்? எழுத்துக்கூட்டலில் குழப்பம் வராத சொற்களாகப் பார்த்து எடுப்பதே மேல்.

பாஸ்வேர்டு மறந்துபோனால் திறப்பதற்குக் கிரிப்டோமேட்டர் ஒரு மீட்புச் சாவி தருகிறது. 44 ஆங்கிலச் சொற்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அதைப் பிரிண்ட் எடுத்து ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். பார்த்ததும் சிரித்தாள்.

"எங்கடா வைக்கிறது இதை?"

"பத்திரம் வைக்கிற இடத்துல வைக்கா."

"இது தொலஞ்சா?"

"பாஸ்வேர்டு இருக்கே."

"அதுவும் மறந்துட்டா? கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா குடுப்பானா?"

"அவனாலயும் முடியாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட மட்டும் பூட்டாம குடு. ராத்திரி ரெண்டு மணிக்கு எமர்ஜென்சில நின்னுக்கிட்டு நாப்பத்தி நாலு வார்த்தை அடிக்க என்னால ஆகாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் எல்லாவற்றையும் பெட்டகத்துக்குள் போட்டுவிடும் வேகத்தில் இருந்தேன்; என்கிரிப்ஷன் பற்றிப் படிக்கத் தொடங்கினால் எல்லோருக்கும் வரும் காய்ச்சல் அது. அப்பாவின் மருந்துப் பட்டியலும் கடைசி எக்கோ அறிக்கையும் வேற்று மனிதர் கையில் கிடைத்தால் நஷ்டம் கொஞ்சம். டாக்டர் கேட்கும்போது கிடைக்காவிட்டால் நஷ்டம் அதிகம். பத்திரமும் அடையாள அட்டையும் அதற்கு நேர்மாறு: அவசரமாகத் தேவைப்படுவது அபூர்வம், தவறானவர் கையில் சிக்கினால் தலைவலி வருடக்கணக்கில் நிற்கும். அன்றைக்கே ஃபைல்களை இரண்டாகப் பிரித்தோம். மருத்துவம் சாதாரண ஃபோல்டரில், அக்காவின் மெயில் முகவரிக்கு மட்டும் ஷேர் செய்து. மற்றது பெட்டகத்தில். பூட்ட வேண்டியது எது என்று பிரிக்கும் இந்த வேலைதான், எந்த மென்பொருள் என்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

ஷேர் செய்வதில் ஒரு சொல் கவனிக்க வேண்டும். 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்ற தேர்வு வசதியாக இருப்பதால் பலரும் அதையே அழுத்துகிறார்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து யாரோ ஒருவரின் மெயிலுக்குப் போகும், பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும். காலாவதித் தேதி வைக்காவிட்டால் நாம் மறந்த பிறகும் திறந்துகொண்டே இருக்கும். எங்கள் உறவில் ஒருவர் வாடகை ஒப்பந்தத்துக்காக அனுப்பிய அடையாள அட்டை லிங்க், வீடே மாறிப் போன பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது. உங்கள் கிளவுடில் ஷேர் செய்தவற்றின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். மறந்துபோன லிங்க் ஒன்றாவது அதில் இருக்கும்.

கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டு, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் 2012இல் டிராப்பாக்ஸில் நடந்த திருட்டுக்கே, ஓர் ஊழியர் வேறோர் இடத்தில் வைத்த அதே பாஸ்வேர்டை வேலையிலும் வைத்திருந்ததுதான் வழிவிட்டது. 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் வெளியே போனது 2016இல்தான் முழுதாகத் தெரிந்தது. பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாம் அடுக்குக்கு, எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே எண்ணை உருவாக்கும் ஆதன்டிகேட்டர் செயலியோ, பாஸ்வேர்டுக்குப் பதில் நம் சாதனமே நம்மை அடையாளம் காட்டும் பாஸ்கீயோ மேல். நம் எண்ணுக்கு வேறு சிம் வாங்கி ஓடிபியை எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மீட்பு எண்ணாகக் கொடுத்திருக்கும் பழைய மொபைல் எண்ணையும் பார்த்து மாற்றிவிட வேண்டும். நாம் விட்டுவிட்ட எண் இந்நேரம் வேறொருவரிடம் இருக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஓர் ஒத்திகை வைத்தோம். நான் இல்லை என்று வைத்துக்கொள், புதுக் கணினி, இந்தக் காகிதம், அவ்வளவுதான், பத்திரத்தைத் திற. அக்கா உட்கார்ந்தாள். கிரிப்டோமேட்டரை இறக்கினாள், அது சுலபமாக நடந்தது. கிளவுட் கணக்குக்குள் நுழையும்போது ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண் வருவது என் போனில். நான் இல்லை என்ற கணக்கில் என் போனும் இல்லை. அங்கேயே நின்றாள்.

44 சொற்களும் கையில் இருந்தும் ஃபைல் இருக்கும் இடத்துக்கே போக முடியவில்லை. தீர்வு சிறியதுதான். அந்தப் பெட்டக ஃபோல்டரை அக்காவின் சொந்தக் கணக்குக்கே ஷேர் செய்துவிட்டேன், இப்போது என் கணக்கு திறக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. போன் இல்லாதபோது அந்த ஆறு இலக்க எண்ணுக்குப் பதிலாகத் தரும் பேக்கப் எண்களையும் (கோட்) என் கணக்கிலிருந்து பிரிண்ட் எடுத்து அதே காகிதத்துடன் சேர்த்தேன். கூகுளில் செயல்படாத கணக்கை நிர்வகிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. மூன்று மாதமோ ஆறு மாதமோ நாம் குறித்த காலம் வரை கணக்கில் அசைவே இல்லையென்றால், நாம் சொன்னவருக்குத் தகவல் போய் ஃபைல்களும் கிடைக்கும். அதையும் ஆன் செய்தேன். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்பாவின் பெயரில் இருந்த பழைய மெயில் கணக்கை அதனால்தான் அவ்வப்போது திறந்து பார்க்கிறோம்.

எல்லாப் பாஸ்வேர்டுகளையும் சேர்த்து வைக்கும் மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் ஒத்திகையில் பார்க்க வேண்டும். பெட்டகத்தின் பாஸ்வேர்டு மேனேஜருக்குள், மேனேஜரின் ஃபைல் பெட்டகத்துக்குள் என்று சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. ஏதாவது ஒன்று மனதிலோ காகிதத்திலோ இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு குழப்பம், சிங்கைப் பேக்கப் என்று நினைப்பது. அக்கா தன் பக்கம் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் என் பக்கமும் போய்விடும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், பல சேவைகளில் முப்பது நாள், அப்புறம் இல்லை. சர்வர் பக்கத்திலும் எதுவும் சாசுவதம் இல்லை. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்டிராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்ததில், தனியாகப் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர் பலர் ஃபைல்களை இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவில் அரசுத் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற கிளவுட் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் போயிற்று, வேறிடத்தில் நகல் இல்லை.

எங்களிடம் கிளவுடில் ஒரு நகல், அலமாரி ஹார்டு டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று. டிஸ்கைச் சும்மா வைத்திருந்தால் போதாது, அவ்வப்போது செருகி நாலைந்து ஃபைல்களையாவது திறந்து பார்க்கிறேன்.

பெட்டகத்தை இருவர் பயன்படுத்துவதில் சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு. ஒரே ஃபைலை இருவரும் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு பிரதிகள் முளைக்கும். திருத்தி முடித்து, சிங்க் முடிந்ததற்கான அடையாளம் வருமுன் லேப்டாப்பை மூடினால் மறுபக்கம் பழையதுதான் தெரியும். ஒருவர் எழுதுவது, மற்றவர் படிப்பது என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

பாஸ்வேர்டை மாற்றுவது பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு மாறும்போது ஃபைல்கள் மறுபடி பூட்டப்படுவதில்லை. உள்ளே இருக்கும் தலைமைச் சாவியைச் சுற்றியுள்ள உறை மட்டுமே மாறுகிறது. அந்தச் சாவி ஃபைலின் பழைய பிரதி ஒருவரிடம் இருந்து, பழைய பாஸ்வேர்டும் தெரிந்திருந்தால், அவர் இன்னமும் திறக்கலாம். பாஸ்வேர்டு உண்மையாகவே வெளியே போய்விட்டது என்றால் புதுப் பெட்டகம் உருவாக்கி, ஃபைல்களை அதற்கு மாற்றி, பழையதை அழிப்பதே சரி.

பூட்டாத பழைய பிரதிகளைத் துரத்துவதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது, இன்னும் முடியவில்லை. பெட்டகத்தில் போட்ட பத்திரத்தின் ஸ்கேன், முதலில் ஏற்றிய சாதாரண ஃபோல்டரின் குப்பைத் தொட்டியில் இருந்தது. போனில் எடுத்த படம் என்பதால் கேலரியிலிருந்து தானாகவே போட்டோ கிளவுடுக்கும் போயிருந்தது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது அவள் போனின் பேக்கப்பில் இருந்தது. அந்தப் பேக்கப்பை நமக்கு மட்டும் சாவி இருக்கும்படி பூட்டும் வசதி 2021இலிருந்து உண்டு, ஆனால் செட்டிங்ஸில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். அவளுடையதில் ஆஃபில் இருந்தது. லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அதே பிடிஎஃப், பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. மெயில் பெட்டியில் 'பத்திரம்' என்று தேடினால், வங்கிக்கு, வக்கீலுக்கு, மாமாவுக்கு என்று இணைப்புடன் அனுப்பிய மெயில்கள் வரிசையாக வந்தன. என் பக்கம் அழித்தேன். அவர்கள் பெட்டியில் இருப்பதை நான் அழிக்க முடியாது. மாமாவிடம் மட்டும் போன் செய்து கேட்டேன். "அதை அப்பவே பிரிண்ட் எடுத்து பீரோல வச்சிருக்கேன்பா, பத்திரமா இருக்கு" என்றார்.